ஸ்தோத்திரம் சொல்றவங்க அழக்கூடாதா?

அண்ணா, ‘நோயோ சாவோ, விசுவாசி அழவே கூடாது, அதுக்கும் நன்றிதான் சொல்லணும், பைபிள்ல 1 தெசலோனிக்கேயர் 5:18 சொல்லுது’ன்னு போட்டிருக்கீங்க. அது சரியில்லைங்க. அந்த வசனம் ‘எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்’. எந்த நிலைமையிலயும் நன்றி சொல்லுங்கன்னு அர்த்தம், அந்த நிலைமைக்காகவேன்னு இல்லைங்க. எபேசியர் 5:20-ல ‘எல்லாவற்றிற்காகவும்’னு வருதுங்க, ஒத்துக்கறேன். ஆனா அங்கயும் அழாதேன்னு ஒரு வார்த்தை கிடையாது.

யோவான் 11-ஐ எடுத்துப் பாருங்க. அவரோட நண்பர் லாசரு செத்த துக்கத்துல, 35-ஆம் வசனத்துல இயேசு கண்ணீர் விடறாரு. 41-ல லாசருவோட கல்லறை முன்னால ‘பிதாவே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்’ங்கறாரு. நடுவுல அஞ்சே வசனந்தான்!

எங்கப்பா தறிக்குடோன்லயே சாஞ்சு போனவரு. ஈரோட்டுப் பக்கம் எங்க வளவுல மூணாம் நாள் பக்கத்து வீட்டு அத்தை தூக்குப்போசில கஞ்சி கொண்டாந்தாங்க. மூடியத் திறந்தா ஆவி பறக்குது. அம்மா அழுதுட்டேதான் ‘ஸ்தோத்திரம் ஆண்டவரே’ன்னாங்க. அந்தக் கஞ்சிக்கு, அந்த அத்தைக்கு. அப்பா போனதுக்கு இல்லைங்க.

அன்னைக்கும் ஒருத்தர் வந்து ‘அழாதீங்க, விசுவாசக் குறைவு’ன்னுட்டுப் போனாரு. அம்மா ரெண்டு வருசம் சபைப் பக்கமே போகலைங்க. அந்தப் பதிவை மாத்திப் போடுங்கண்ணா, துக்க வீட்டுல இருக்கறவங்களும் படிக்கறாங்க.