ஒரே ஆள் போட்டி போடும் டெண்டர்

ஐரோப்பிய ஒன்றியத்தின் செலவுகளைத் தணிக்கை செய்யும் ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2023 டிசம்பரில் வெளியிட்ட 28-ஆம் எண் சிறப்பு அறிக்கையைப் பொதுப்பணம் பற்றிப் பேசுகிற எல்லோரும் படிக்க வேண்டும். 2011-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விடப்பட்ட டெண்டர்களில் 23.5 சதவீதத்துக்கு ஒரே ஒரு நிறுவனம்தான் விலைப்புள்ளி கொடுத்தது. 2021-இல் அது 41.8 சதவீதம். ஒரு டெண்டருக்குச் சராசரியாக வந்த விலைப்புள்ளி 5.7-இலிருந்து 3.2-ஆக இறங்கியது. ஒன்றியத்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 14 சதவீதம் அரசுக் கொள்முதலாகச் செலவாகிறது. அந்தச் சந்தையின் நிலைமை இது.

நடைமுறையை எளிதாக்கவும் சிறு நிறுவனங்களை உள்ளே கொண்டுவரவும்தான் 2014/24 என்ற எண் கொண்ட, ஒன்றியத்தின் அரசுக் கொள்முதல் சட்ட ஆணையே வந்தது. ஆனால், டெண்டர் முடிவாக எடுக்கும் காலம் அதே பத்தாண்டில் 62.5 நாளிலிருந்து 96.4 நாளாகிவிட்டது.

ஐரோப்பிய ஆணையம் இந்த விதிகளைத் திருத்தும் பணியில் இறங்கியிருக்கிறது. எல்லோரும் விலைப்புள்ளி திறந்த பிறகு நடப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். போட்டி சாவது அதற்கு முன்பே, வாங்கும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்கிற விவரக்குறிப்பை எழுதும் மேசையில். ஒரு பள்ளிக்கு மடிக்கணினி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பிராண்டு பெயர் போட்டால் அந்த ஆணையின் 42-ஆம் பிரிவு தடுக்கும். தவிர்க்க முடியாத இடத்தில் போட்டாலும் "அல்லது அதற்கு இணையானது" என்று சேர்த்தாக வேண்டும். அதனால் பெயரைப் போடமாட்டார்கள். "எடை 1.38 கிலோவுக்கு மேல் கூடாது, இடப்பக்கம் இரண்டு போர்ட், பேட்டரி 56 வாட்-அவர்" என்று எழுதுவார்கள். மூன்றும் சேர்ந்து பொருந்துவது ஒரே மாடலுக்கு. காகிதத்தில் இது திறந்த டெண்டர்தான்; கண்காணிப்பவர் கண்ணில் படாது. எல்லா இடத்திலும் கெட்ட எண்ணம் என்றும் சொல்ல மாட்டேன். பல நேரம் ஒரே விற்பனையாளரின் தகவல் தாளைப் பார்த்து அலுவலர் அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்.

அடுத்தது கால அவகாசம். திறந்த டெண்டரில் விலைப்புள்ளி அனுப்பக் குறைந்தது 35 நாள் தர வேண்டும். மின்னணு வழியில் விலை வாங்கினால் 30. முன்னறிவிப்பு கொடுத்திருந்தாலோ அவசரம் என்றாலோ 15 வரை குறைக்கலாம். பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்தால் 15 நாளில் வேறொரு மொழியில் ஆவணம் தயாரிக்க முடியுமா? எல்லை தாண்டி வேறு நாட்டு நிறுவனத்துக்கு நேரடியாகப் போகும் ஒப்பந்தம் ஏறத்தாழ 5 சதவீதத்திலேயே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

46-ஆம் பிரிவு, வேலையைப் பகுதி பகுதியாகப் பிரி, பிரிக்காவிட்டால் காரணம் சொல் என்கிறது. "நிர்வாக வசதிக்காக" என்று ஒரு வரி எழுதினால் கடமை முடிந்தது. இந்த ஓட்டையை அடைக்காமல் சிறு நிறுவனங்களைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

வரம்புத்தொகையை உயர்த்தினால் சுமை குறையும் என்கிற கோரிக்கையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 2024, 2025 ஆண்டுகளுக்கு நகராட்சி போன்ற அமைப்புகள் பொருளோ சேவையோ வாங்க வரம்பு 2,21,000 யூரோவாகவும் கட்டுமானத்துக்கு 55,38,000 யூரோவாகவும் இருந்தது. வரம்புக்குக் கீழே போனால் ஒன்றிய அளவில் அறிவிப்பு வெளியிடும் கடமை இல்லை. வரம்பை ஏற்றினால் ஒற்றை விலைப்புள்ளி கணக்கிலிருந்துதான் மறையும். நடப்பது நடந்துகொண்டுதான் இருக்கும்.

செய்ய வேண்டியது வேறு. டெண்டருக்கு முன் சந்தையைக் கலந்து பேச 40-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. வழக்கு வருமோ என்று பயந்து பல அலுவலகங்கள் அதைத் தொடுவதே இல்லை. விவரக்குறிப்பின் வரைவை இரண்டு வாரம் பொதுவில் வைத்து, வந்த ஆட்சேபணைகளையும் பதில்களையும் டெண்டருடன் சேர்த்து வெளியிடுவதைக் கட்டாயமாக்குங்கள். ஒரே ஒரு விலைப்புள்ளி வந்தால், பதிவு செய்து ஆவணத்தை இறக்கிய மற்ற நிறுவனங்களிடம் ஏன் விலைப்புள்ளி கொடுக்கவில்லை என்று எழுத்தில் கேட்ட பிறகே ஒப்பந்தம் போடச் சொல்லுங்கள். கடைசியில் உண்மையாகக் கொடுத்த தொகையையும் வெளியிட வேண்டும். எதிர்பாராத காரணம் காட்டி, ஒரு மாற்றத்துக்கு மூல மதிப்பில் 50 சதவீதம் வரை ஏற்ற 72-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. குறைந்த விலை கொடுத்து உள்ளே வந்தவர் எவ்வளவு வாங்கிக்கொண்டு போனார் என்பது வரி கட்டுகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும்.