மானிட்டருக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் ரைஃபிள் கிளப்புகளில் புது முகங்கள் கூடிவிடும். சென்னையோ கோவையோ மதுரையோ, காட்சி ஒன்றுதான். லேனில் பிள்ளை நிற்கும். பின்னால் நாற்காலியில் அப்பாவோ அம்மாவோ, கண் முழுக்க, குண்டு விழுந்த இடத்தையும் மதிப்பெண்ணையும் காட்டும் மானிட்டரில். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு "ச்சே", இல்லாவிட்டால் ஒரு "சூப்பர்டா". என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழகும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் மதிப்பெண்ணே தெரியக் கூடாது. பெற்றவர்களுக்குத் தெரியவே கூடாது.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. குறி அட்டையின் நட்ட நடுவில் உள்ள பத்தாம் புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. பெல்லட்டின், அதாவது ஏர் ரைஃபிள் குண்டின், விட்டம் 4.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0. நட்ட நடுவில் விழுந்தால் முழு மதிப்பெண், 10.9. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் வெறும் 2.5 மி.மீ. குழாய் முனையில் குறி பார்க்க உள்ள வளையமான முன் சைட் கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது, அட்டை பத்து மீட்டரில் இருக்கிறது. முன் சைட் கால் மில்லிமீட்டர் விலகினால் அட்டையில் பத்து மடங்காகி, 10.9 போய் 10.0 ஆகிவிடும். பத்து வயதுப் பிள்ளையின் தோளில் கால் மில்லிமீட்டரைத் தேடுகிறோம் நாம். அது வருவதற்கு முன்பே எண்ணைக் காட்டினால் பிள்ளை எண்ணைத்தான் துரத்தும். சுட்டவுடன் தலையைத் தூக்கி மானிட்டரைப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. நாலைந்து நாளில் அந்தத் தலைத்தூக்கல் குண்டு குழாயை விட்டு வெளியேறுவதற்கு முன்பே நடக்க ஆரம்பித்துவிடும். ஒட்டிக்கொண்ட பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு.

சரி, எங்கே தொடங்குவது? கண்ணில். நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் துப்பாக்கி பிடிப்பது பெரும்பாலும் மெரினாவிலோ திருவிழாவிலோ, பலூன் சுடும் கடையில். ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுடும் பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது. மூடிய கண்ணின் இறுக்கம் திறந்த கண்ணையும் சோர வைக்கும், பத்தே நிமிடத்தில் பார்வை மங்கும். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். குறி பார்க்காத கண்ணுக்கு முன்னால் ஒளி புகும் வெள்ளைப் பிளாஸ்டிக் மறைப்பு ஒன்று போதும். கறுப்பு வேண்டாம், ஒரு கண் இருட்டில் இருந்தால் இன்னொரு கண்ணின் பாப்பாவும் சேர்ந்து விரியும். எந்தக் கண் ஆளும் கண் என்று முதல் நாளே பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சின்ன ஓட்டை விட்டு, தூரத்தில் உள்ள சுவிட்சைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண்ணுக்குச் சுவிட்ச் நகராமல் தெரிகிறதோ அதுதான். கை வலதாகவும் கண் இடதாகவும் இருந்தால் பயிற்சியாளரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் எல்லாம் முதலிலிருந்து.

அடுத்தது துப்பாக்கியின் அளவு. விதிப்படி ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். அதற்காக முப்பது கிலோ எடையுள்ள பிள்ளையிடம் பெரியவர்களின் ரைஃபிளைக் கொடுக்காதீர்கள். தோளில் பதியும் பின்பகுதியான பட் நீளமாக இருந்தால் பிள்ளை முதுகை வில்லாக வளைத்து, கழுத்தை முன்னால் நீட்டும். அப்படி நீட்டுகிற பிள்ளையிடம் "நேரா நில்லு" என்று நூறு முறை சொல்லிப் பயனில்லை. பட் பிளேட்டை உள்ளே தள்ளுங்கள், கன்னக் கட்டையை உயர்த்துங்கள். தலை நிமிர்ந்தபடி கன்னம் தானாகப் போய் உட்கார வேண்டும்.

நிற்பது அதற்கப்புறம்தான். முதல் சில வாரம் மேசையில் உட்கார்ந்து, முன்பகுதியைத் தாங்கியில் வைத்துச் சுடட்டும். எடையைச் சுமக்கும் கவலை இல்லாதபோதுதான் டிரிகர் என்றால் என்னவென்று விரலுக்குப் புரியும். ஜெர்மனியில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு கிளப்புகள் ஒளிக்கதிர்த் துப்பாக்கி கொடுத்துப் பழக்குகின்றன. நமக்கு அந்த வசதி பரவலாக இல்லை, தாங்கியாவது இருக்கட்டும்.

இப்போது அட்டை. வளையங்கள் வேண்டாம், நடுவில் உள்ள கறுப்பு வட்டமும் வேண்டாம். வெற்று வெள்ளைத் தாளைத் தொங்கவிடுங்கள். குறி வைக்க எதுவுமில்லாதபோது பிள்ளையின் கவனம் முன் சைட் வளையத்துக்கும் விரலுக்கும் தானாக வந்துவிடும். டிரிகரில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்தை எடுத்து, சுவர் போல ஒரு தடை வந்ததும் நின்று, அங்கிருந்து நேர் பின்னால் அழுத்தம் கூட்ட வேண்டும். சுட்ட பிறகும் விரல் இரண்டு வினாடி பின்னாலேயே இருக்கட்டும். தாளில் துளைகள் சிதறிக் கிடந்தால் கோளாறு பிடியிலோ விரலிலோ. ஓரிடத்தில் குவிந்து வந்தால் போதும், அது தாளின் எந்த மூலையில் இருந்தாலும் சரி. அதை நடுவுக்குக் கொண்டுவருவது சைட் திருகின் வேலை, அதைப் பெரியவர்கள் திருகிக்கொள்ளலாம். திருகில் உள்ள குறிகள் பலரைக் குழப்பும். பத்துக் கிளிக் திருப்பி ஐந்து குண்டு சுட்டு, குவியல் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று ஒரு முறை எழுதி வைத்துக்கொண்டால் பிறகு குழப்பமே வராது.

கறுப்பு வட்டம் உள்ள அட்டைக்கு வரும்போது முன் சைட் வளையத்தைப் பெரிதாகப் போடுங்கள். கறுப்பின் விட்டம் 30.5 மி.மீ. முன் சைட் இருக்கும் தூரத்தில் அது சுமார் 3 மி.மீ. அளவாகத் தெரியும். 3.5 மி.மீ. வளையம் போட்டால் கறுப்பைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடுதான் மிஞ்சும். பிள்ளையின் அசைவில் அது மறைந்து மறைந்து வரும், பதறிப் போய் டிரிகரைப் பிடுங்கும். 4.2, 4.5 என்று தாராளமாகப் போட்டால் கண் அமைதியாக இருக்கும். சின்ன வளையம் போட்டால் துல்லியம் கூடும் என்று நினைத்து 3.4 வாங்கிக் கொடுக்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். இருக்கவே இருக்கிறார்கள்.

நிற்கும்போது வலது கைக்காரர் என்றால் இடது இடுப்பு அட்டைப் பக்கம், பாதங்கள் தோள் அகலம், இடது முழங்கை இடுப்பெலும்பின் மேலோ விலாவிலோ சாய்ந்திருக்க வேண்டும். எடையை எலும்பு தாங்கட்டும், தசை தாங்கக் கூடாது. நின்றதும் கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறக்கச் சொல்லுங்கள். துப்பாக்கி இடப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் கையால் தள்ளித் திருத்தக் கூடாது. பாதத்தை நகர்த்த வேண்டும். கையால் தள்ளியது சுடும் நொடியில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். "நல்லாத்தான் பாத்தேன், எப்படி வெளிய போச்சு" என்று பிள்ளை கேட்கும் குண்டுகளில் பாதி இதனால்தான்.

மூச்சைப் பாதி விட்டு நிறுத்திய பின் ஆறு முதல் எட்டு வினாடி. அதற்குள் குண்டு போகவில்லையா, இறக்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இறக்கி வைப்பதைத்தான் பெற்றவர்கள் பாராட்ட வேண்டும். போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது, அவசரமே இல்லை. ஆனால் பின்னாலிருந்து "சுடு, சுடு" என்று முணுமுணுப்பு வந்தால் எந்தப் பிள்ளை இறக்கி வைக்கும்?

மூன்று மாதம் கழித்து மானிட்டரைத் திறக்கும்போதும் ஒரு நிபந்தனை. குண்டு போனதும் பார்க்காமலே "வலது, கொஞ்சம் மேல" என்று பிள்ளை சொல்ல வேண்டும். நீங்கள் அதை நோட்டில் எழுதிவிட்டு, பிறகு உண்மையான இடத்தைப் பக்கத்தில் குறியுங்கள். பெற்றவருக்கு ரேஞ்சில் இதைவிட உருப்படியான வேலை கிடையாது. சொன்னதும் விழுந்ததும் பெரும்பாலும் ஒத்துப்போனால், 9.2 வந்தாலும் பிள்ளை சரியான பாதையில் இருக்கிறது. சொன்னது நடு, விழுந்தது எட்டு என்றால் துப்பாக்கியையும் பெல்லட்டையும் சோதியுங்கள். டப்பா கீழே விழுந்து பாவாடை போல் விரிந்த பின்விளிம்பு நசுங்கிய பெல்லட் காற்றைக் கசியவிடும், எங்கே போகும் என்று அதற்கே தெரியாது.

வீட்டில் டிரை ஃபயர், அதாவது பெல்லட் இல்லாமல் டிரிகரை மட்டும் அழுத்திப் பழகுவது, நல்ல பயிற்சி, ஆனால் எல்லாத் துப்பாக்கிக்கும் கிடையாது. காற்றுச் சிலிண்டர் போட்ட போட்டி ரைஃபிள்களில் பெரும்பாலும் அதற்கென்றே தனி அமைப்பு உண்டு. மடக்கி லோட் செய்யும் ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் தடையின்றிப் போய் மோதும், சீலும் ஸ்பிரிங்கும் போய்விடும். அதே துப்பாக்கியை மடக்கியபடி பெல்லட் வைக்கும்போது இன்னொரு கை குழாயைப் பிடித்திருக்க வேண்டும். பிடி நழுவினால் விரல் போகும். சிலிண்டருக்குக் காலாவதித் தேதி உண்டு, 200 பார் அழுத்தத்தைத் தாங்கும் பொருள் அது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.

4.5 மி.மீ. போட்டி ஏர் ரைஃபிளுக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. அதனால் மொட்டை மாடியில் பழகலாம் என்று ஒரு நினைப்பு. அரை கிராம் ஈயம் வினாடிக்கு சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. சுவரில் பட்டுத் திரும்பினாலும் ஒரு கண்ணுக்கு அது போதும். ரேஞ்சில் சுடாத நேரமெல்லாம் குழாய்க்குள் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு, இரு முனையும் வெளியே தெரியும்படி. "ஸ்டாப்" என்ற குரல் கேட்டால் அப்பா என்ன சொன்னாலும் விரல் வெளியே வர வேண்டும்.

ஜாக்கெட், பேன்ட், ஷூ பற்றித்தான் முதல் வாரமே கேட்கிறார்கள். வளரும் பிள்ளைக்குத் தைத்த ஜாக்கெட் ஒன்றிரண்டு வருடத்தில் பத்தாது. கிளப்பில் இருப்பதைப் போட்டுப் பழகட்டும். நம் ஊர் மே மாத வெக்கையில் அந்தத் தடித்த துணிக்குள் நாற்பது நிமிடத்துக்கு மேல் நிற்கவைக்காதீர்கள். கடலூரில் பிறந்து ஒலிம்பிக் வரை போன இளவேனில் வாலறிவன் பெயரைச் சொல்லி ஒரே நாளில் நூறு குண்டு சுடவைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். தொடக்கத்தில் முப்பது குண்டு போதும். இடுப்பு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கடைசியாக, கேன்டீனுக்குப் போகும் முன். பெல்லட் முழுக்க ஈயம். வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து லோட் செய்யும் பிள்ளைகளைப் பார்க்கலாம், உடனே தடுத்துவிடுங்கள். லேனில் பிஸ்கட் கூடாது. சானிடைசர் ஈயத்தை எடுக்காது. சோப்பும் தண்ணீரும் போட்டு நகக் கண் வரை கழுவிய பிறகு போண்டா வாங்கிக் கொடுங்கள்.