மே மாதக் கணக்கை வைத்து ஊழியரை எடை போடாதீர்கள்

கொடைக்கானலில் லாட்ஜ், காட்டேஜ் நடத்துபவர்களுக்கும், இங்குள்ள ஹோட்டல்களைப் பற்றி எம்.பி.ஏ. புராஜெக்ட் செய்ய மேலே வரும் மாணவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பதிவு நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள், கணக்கு நிறைய இருக்கிறது.

வழக்கமாக மூன்று தலைப்புகளில் புராஜெக்ட் வரும். ஊழியர் மனநிறைவு ஒன்று, வாடிக்கையாளர் திருப்தி ஒன்று, நிதிநிலை ஆய்வு ஒன்று. மூன்றையும் மூன்று பேர் செய்வார்கள், மூன்றும் தனித்தனியாக பைண்டிங் ஆகும். லாட்ஜுக்குள் அவை தனித்தனியாக இல்லை. ராத்திரி ரூம் பாய் எத்தனை மணிக்குப் படுத்தான் என்பதும், காலையில் விருந்தினர் எந்த முகத்தோடு கிளம்பினார் என்பதும், மாதக் கடைசியில் கல்லாவில் என்ன மிஞ்சியது என்பதும் ஒரே சங்கதி. ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறவர்களும் ஒரு இடத்தில் தவறி விழுகிறார்கள். அந்த இடம் சீசன்.

இருபது அறை உள்ள லாட்ஜ் ஒன்றை வைத்துக்கொள்வோம். ஒரு அறை ஒரு இரவுக்குப் போவதை ஒரு அறை-இரவு என்று எண்ணினால், மே மாதத்தில் 31 நாளுக்கு 620 அறை-இரவு. அதில் 85 சதவீதம் நிறைந்தால் 527. சராசரி வாடகை 3,500 ரூபாய் என்றால் வரவு 18 லட்சத்து 44 ஆயிரம். அதே லாட்ஜ் ஜூலையில் 25 சதவீதம் நிறைந்து, 1,400 ரூபாய்க்குப் போனால் வரவு 2 லட்சத்து 17 ஆயிரம்தான். (இவை கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் லெட்ஜரில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள், விகிதம் ஏறக்குறைய இப்படித்தான் நிற்கும்.)

இப்போது அதே மே மாதத்தில் ஆட்களைப் பாருங்கள். ராத்திரி ஒரு மணிக்கு செக்-இன் கொடுத்தவனே விடியற்காலை ஐந்தரைக்கு டீ கொண்டுபோகிறான். அறை சுத்தம் அரைகுறை. கூகுள் விமர்சனங்களில் ஒற்றை நட்சத்திரம் அதிகம் விழுவதும் அப்போதுதான். ஜூலையில் ஆட்களுக்கு ஓய்வு உண்டு, வருகிற நாலு குடும்பமும் சந்தோஷமாகப் போகிறது, கல்லா மட்டும் காலி. இந்தப் பன்னிரண்டு மாதத்தையும் அப்படியே எக்செலில் போட்டு ஒட்டுறவு (correlation, அதாவது இரண்டு எண்கள் எவ்வளவு தூரம் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பது) பார்த்தால் என்ன வரும்? ஊழியர் களைக்கக் களைக்க வருமானம் கூடுகிறது, விருந்தினர் கோபப்படக் கோபப்பட லாபம் ஏறுகிறது என்று வரும். கணினி பொய் சொல்லவில்லை. சீசன் என்ற மூன்றாவது காரணம் இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கி நிறுத்துகிறது, அவ்வளவுதான். இதைப் பிரிக்காமல் எழுதிய முடிவைப் படித்துவிட்டு, 'ஆளைப் பிழிந்தால்தான் காசு' என்று நம்புகிற முதலாளிகள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையால் உடம்பு கெட்டுப்போகிறவர்கள் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரியான வழி இரண்டு. இந்த வருட மே மாதத்தைப் போன வருட மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அல்லது ஒரே மே மாதத்தில் பத்துப் பன்னிரண்டு லாட்ஜ்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லது. பன்னிரண்டு லாட்ஜ், இரண்டு வருடத்துக்கு இருபத்து நாலு மாதம், ஆக 288 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் அந்த மாதத்தின் வரவு, விட்டுப்போன ஆட்கள், வந்த புகார்கள். ஒரே லாட்ஜில் ஒரே வாரத்தில் நூறு பேரிடம் படிவம் கொடுத்துவிட்டு 'நிதிநிலையோடு தொடர்பு' என்று தலைப்பு வைக்க முடியாது. அந்த நூறு பேருக்கும் சேர்த்து லாட்ஜின் லாபம் ஒரே எண். ஒரே எண்ணோடு எதை ஒப்பிடுவீர்கள்?

உலக அளவில் இதைப் பற்றிச் செய்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் பார்த்துவிடலாம். ஹெஸ்கெட் முதலான ஐந்து ஹார்வர்டு பேராசிரியர்கள் 1994இல் 'சேவை-லாபச் சங்கிலி' என்று ஒன்றை முன்வைத்தார்கள். உள்ளே வேலைச் சூழல் நன்றாக இருந்தால் ஆள் நிலைப்பான், ஆள் நிலைத்தால் சேவை நன்றாக வரும், சேவை நன்றாக வந்தால் வாடிக்கையாளர் திரும்பி வருவார், லாபம் அதன் பிறகு வரும். 1998இல் அமெரிக்காவின் சியர்ஸ் கடைகளின் கணக்கு வெளியானது. ஊழியர் மனப்பான்மை 5 புள்ளி உயர்ந்தால் வாடிக்கையாளர் அபிப்பிராயம் 1.3 புள்ளி உயர்கிறது, வருவாய் வளர்ச்சி 0.5 சதவீதம் கூடுகிறது என்றார்கள். அதே சியர்ஸ் 2018இல் திவால் மனு கொடுத்தது. சங்கிலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. கடனும் போட்டியும் முதலீடு போடாததும் சேர்ந்தால் எந்தச் சங்கிலியும் தாங்காது. 2019இல் கிரெக்கெல், வார்டு, டி நெவ் மூவரும் 339 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், 18 லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள். ஊழியர் மனநிறைவுக்கும் வாடிக்கையாளர் விசுவாசத்துக்கும் ஒட்டுறவு 0.31 (தொடர்பே இல்லையென்றால் 0, முழுக்க ஒத்துப்போனால் 1). லாபத்தோடு 0.16தான். வாடிக்கையாளர் வரை தொடர்பு பலமாகப் போகிறது, லாபத்துக்குப் போகும்போது பாதியாகிறது. நடுவில் வாடகை, வட்டி, கமிஷன், வரி எல்லாம் நிற்கின்றன அல்லவா. இதை மறைத்துவிட்டு 'ஆளைச் சந்தோஷமாக வை, லாபம் தானாக வரும்' என்று மேடையில் பேசுவது முதலாளிக்கும் நல்லதில்லை, ஆளுக்கும் நல்லதில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே அடிக்கடி வரும் புகார் எது என்று எந்த ரிசப்ஷனில் கேட்டாலும் சொல்வார்கள்: வெந்நீர். மூன்று தலைப்பும் இந்த ஒரு குழாயில் சந்திக்கின்றன.

பெரும்பாலான அறைகளில் இருப்பது 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர். டிசம்பரில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதை 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 25 நிமிடம் பிடிக்கும். குளிக்க 40 டிகிரி போதும் என்று பச்சைத் தண்ணீர் கலந்தால் ஏறத்தாழ 26 லிட்டர் கிடைக்கும். ஒரு ஆள் குளிக்கலாம். நான்கு பேர் குடும்பத்துக்கு 100 நிமிடம் வேண்டும். பில்லர் ராக்ஸ், குணா குகை என்று எட்டரைக்கெல்லாம் வண்டி ஏற நினைக்கிற குடும்பம் ஏழு மணிக்குத்தான் கீசரைப் போடுகிறது. அந்த நேரத்தில் இருபது அறையிலும் கீசர் ஓடினால் 40 கிலோவாட். வோல்டேஜ் 230இலிருந்து இறங்கி 190க்கு வந்தால் கீசரின் திறன் மூன்றில் ஒரு பங்கு குறையும், 25 நிமிடம் 37 நிமிடமாகும். மூன்றாவது ஆள் குளிக்கும்போது தண்ணீர் சில்லிடும். போன் ரிசப்ஷனுக்கு வரும். ரிசப்ஷன் பையன் என்ன செய்வான்? சமையலறையிலிருந்து அண்டாவில் சுட்ட தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டு மாடி ஏறுவான். பனி நனைந்த படி, கையில் கொதிநீர். திட்டு வாங்குவதும் அவன்தான். விமர்சனத்தில் 'ஊழியர்கள் பொறுப்பில்லாதவர்கள்' என்று எழுதப்படுவதும் அவனைப் பற்றித்தான். புராஜெக்ட் செய்பவர் அதை 'ஊழியர் சேவைக் குறைபாடு' என்ற கட்டத்தில் போட்டுவிடுகிறார்.

குறை கீசரின் அளவில் இருக்கிறது. 25 லிட்டர் கீசராக இருந்தால் அதே கலவையில் 43 லிட்டர் கிடைக்கும். மாற்ற முடியாதவர்கள், விருந்தினரை ஆறு மணிக்கே கீசரைப் போடச் சொல்லி முதல் நாள் செக்-இன் செய்யும்போதே தெளிவாகச் சொல்லுங்கள், மாடிக்கு மாடி நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள், வெளியே காற்றுப்படும் வெந்நீர்க் குழாய்களுக்கு உறை போடுங்கள். சோலாரை மட்டும் நம்ப வேண்டாம், மூடுபனி நாட்களில் அது கை கொடுக்காது.

ஆகவே புகார் நோட்டில் கோடு போட்டுப் பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். ஊழியரால் சரிசெய்யக்கூடியது (அழுக்குப் போர்வை, தாமதமான டீ, எடுத்தெறிந்த பேச்சு). முதலாளி பணம் போட்டால்தான் சரியாவது (கீசர், ஈரச் சுவர், ஆள் பற்றாக்குறை). யாராலும் முடியாதது (மூடுபனி, வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே வண்டி நெரிசல், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு உள்ள தடை). மூன்று மாதம் இப்படி எழுதிப் பாருங்கள். முதல் பத்திக்கு மட்டுமே ஊழியரைக் கேள்வி கேட்கலாம். இரண்டாவது பத்தி முதலாளியின் மேசைக்குப் போக வேண்டியது.

ஊழியர் நலனைக் கேள்வித்தாள் வைத்து அளப்பதில் நடப்பதையும் சொல்ல வேண்டும். படிவத்தை மேனேஜர் கொடுக்கிறார், ரிசப்ஷனிலேயே நின்று நிரப்பச் சொல்கிறார், அவரே வாங்கிக்கொள்கிறார். எல்லாரும் ஐந்துக்கு நாலு போடுவார்கள். பெயர் கேட்கவில்லை என்கிறார்கள், ஆனால் வயது, பிரிவு, பாலினம் கேட்கிறார்கள். பதினாலு பேர் வேலை செய்யும் இடத்தில் 'ஹவுஸ்கீப்பிங், பெண், 45' என்றால் யார் என்று தெரியாதா? எத்தனை மாதமாக வேலை என்பதை மட்டும் கேளுங்கள், பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள், வெளியாள் திறக்கட்டும். ஒடிசா, அசாமிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அவர்களுக்குப் புரிகிற மொழியில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வியும் மாற வேண்டும். 'நிறுவனத்தின் தொலைநோக்குப் பார்வையோடு நான் உடன்படுகிறேன்' என்பது ரூம் பாயிடம் கேட்கிற கேள்வி இல்லை. 'போன ஏழு நாளில் எத்தனை ராத்திரி ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினீர்கள்?', 'போன மாதம் எத்தனை நாள் முழு விடுமுறை?', 'உங்கள் சாப்பாடு எத்தனை மணிக்கு?', 'படுக்கிற இடம் ஈரமா?' என்று எண்ணிச் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். கேள்வித்தாளைச் சோதிக்கப் போடும் கிரான்பாக் ஆல்பா என்ற எண் 0.7ஐத் தாண்டிவிட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே அது சொல்லும். பயந்துபோய் ஒருவர் எல்லாக் கேள்விக்கும் நாலு, இன்னொருவர் எல்லாக் கேள்விக்கும் ஐந்து என்று போட்டாலும் ஆல்பா நன்றாகவே வரும்.

படுக்கிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாடிப்படிக்குக் கீழே, துவைத்த துணி காயும் இடத்துக்குப் பக்கத்தில் ஆட்களைப் படுக்க வைக்கிறார்கள். குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். ஆளுக்கு இரண்டு கம்பளியும் காய்ந்த தரையும் கொடுங்கள், கரியை அறைக்குள் விடாதீர்கள். இதற்கு ஆய்வே தேவையில்லை. விருந்தினரின் டிரைவர்கள் படுக்கிற அறைக்கும் இதே பேச்சுத்தான்.

இனி பணம். ஜூன் பாதியில் சீசன் முடிந்ததும் பாதி ஆட்களைக் கீழே அனுப்பிவிட்டு, செப்டம்பரில் புது ஆள் தேடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. மிச்சம் பிடித்ததாகத் தோன்றும். பதினாலு பேருக்குச் சராசரி 15,000 ரூபாய் என்றால் மாதம் 2 லட்சத்து 10 ஆயிரம். ஜூலை, ஆகஸ்ட் இரண்டுக்கும் 4 லட்சத்து 20 ஆயிரம். இதை ஏப்ரல், மே வரவிலிருந்தே எடுத்து வைக்கலாம். ஏப்ரலில் 70 சதவீதம் நிறைந்தால் 420 அறை-இரவு, மே மாதத்து 527ஐச் சேர்த்தால் 947. ஒரு அறை-இரவுக்கு 450 ரூபாய் தனி வங்கிக் கணக்கில் போட்டுக்கொண்டே வந்தால் 4 லட்சத்து 26 ஆயிரம் நிற்கும். அன்றன்று ராத்திரி கணக்கு முடிக்கும்போதே மாற்றிவிட வேண்டும். மாதக் கடைசியில் மாற்றலாம் என்று வைத்தால் அந்தப் பணம் பெயின்ட் அடிக்கவும் பழைய பாக்கிக்கும் போய்விடும். பத்து பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கட்ட வேண்டும், முதலாளி பங்கு 3.25 சதவீதம். அதையும் இந்தக் கணக்கிலேயே சேருங்கள்.

ஆள் நிலைத்தால் பணம் எங்கே திரும்பி வருகிறது? நேரடி புக்கிங்கில். ஆன்லைன் கம்பெனி 20 சதவீதம் கமிஷன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,000 ரூபாய் அறைக்கு 600. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 108. மொத்தம் 708. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் உள்ளீட்டு வரியை (லாட்ஜ் தான் வாங்குகிறவற்றுக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யை) கழித்துக்கொள்ள வழியில்லை. ஆகவே அந்த 108 இப்போது முழுச் செலவு. போன தடவை தன் பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தபோது ஓடிவந்த பையனை நினைவு வைத்து ஒரு குடும்பம் நேராக போன் செய்து இரண்டு இரவுக்கு வந்தால் 1,416 ரூபாய் மிச்சம். அந்தப் பையன் அங்கே இருந்தால்தான் அந்த போன் வரும்.

இது இப்போது இன்னும் முக்கியம். 2024 மே 7 முதல், மேலே வரும் வண்டிகள் முன்கூட்டியே ஆன்லைனில் பதிந்து அனுமதி வாங்கும் இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பு வைத்தார்கள். கூட்டத்தை மேலும் மேலும் ஏற்றி வருமானம் பெருக்கும் வழிக்கு ஒரு கூரை உண்டு என்று அதிலேயே தெரிந்துவிட்டது. வந்தவர் இன்னொரு இரவு தங்குவதும், மறுபடி வருவதும்தான் மிச்சமுள்ள வழி.

இதற்கெல்லாம் பெரிய தடை லீசு முறை. கட்டட உரிமையாளர் மொத்தமாக அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பதினோரு மாதத்துக்குக் கொடுக்கிறார். எடுத்தவர் மே மாதத்திலேயே போட்டதை எடுத்தாக வேண்டும். பதினோரு மாதக் குத்தகைக்காரர் 25 லிட்டர் கீசர் வாங்க மாட்டார். உரிமையாளருக்குப் புகார் காதில் விழாது. நடுவில் நிற்பவன் வாளி சுமக்கிறான். குத்தகையை மூன்று வருடமாக்குங்கள், கீசர், குழாய், ஆட்கள் தங்கும் அறை மூன்றும் உரிமையாளர் பொறுப்பு என்று பத்திரத்தில் எழுதுங்கள். லீசு பற்றி ஒரு வரிகூட இல்லாமல் இந்த ஊரில் செய்யும் எந்த 'ஊழியர் நல' ஆய்வையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

விருந்தினரிடம் கேட்கும் நேரமும் பிசகுகிறது. சேவையின் தரத்தை அளக்க 1988இல் வந்த 22 கேள்வி சர்வ்குவால் படிவத்தை, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு செக்-அவுட்டில் நிற்பவரிடம் கொடுத்தால் எல்லாவற்றிலும் ஒரே கோடு இழுத்துவிட்டுப் போவார். இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'நேற்று ராத்திரி என்ன குறை?' அப்போது சொன்னால் சரிசெய்ய இன்னும் ஒரு ராத்திரி கையில் இருக்கும்.

தொடங்குவதற்கு ஒரு நோட்டுப் போதும். மாதத்துக்கு ஒரு பக்கம். விற்ற அறை-இரவு, சராசரி வாடகை, நேரடி புக்கிங் எத்தனை, கமிஷன் எவ்வளவு, வேலையை விட்டவர் எத்தனை, ஆளுக்கு எத்தனை நாள் விடுமுறை, மூன்று பத்திப் புகார் எண்ணிக்கை. நவம்பர் மழையில் வேலை குறைவாக இருக்கும்போது கடைசியாக முடிந்த மே மாதத்துக்கான பக்கத்தைப் பழைய ரசீதுகளையும் சம்பளப் பதிவேட்டையும் வைத்து முதலில் நிரப்பிவிடுங்கள். அடுத்த மே வரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க அதுதான் வேண்டும்.