அவனுக்குப் பஸ் பிடிக்கும்

அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 கடைசியில் தொடங்கியபோது, பெரம்பூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன். பாடப்புத்தகத்தைத் திறந்தாலே அவனுக்குத் தாகம் எடுத்துவிடும். எழுத்தே தெரியவில்லை என்று முடிவு கட்டி, 'அ'விலிருந்து ஆரம்பித்தேன்.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அம்மாவோடு நின்றிருந்தான். தூரத்தில் 29சி வந்தது. "பெசன்ட் நகர்!" என்று போர்டை வாசித்துவிட்டு, "அக்கா, உங்க பஸ்ஸா?" என்றான்.

மறுநாள் ஸ்டாப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். புரசைவாக்கம், அயனாவரம் எல்லாம் சட்டென்று வந்தன. திருவல்லிக்கேணியில் மாட்டிக்கொண்டான். "திரு... வல்... லி..." விரலை எடுக்கவே இல்லை. நாலாவது தடவையில் முழுசாகச் சொன்னான். பாடப்புத்தகம் என்றால் இரண்டாவது வரியிலேயே எழுந்து ஓடிவிடுகிறவன்!

எழுத்துப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உயிர்மெய் பிடிபடாத பிள்ளைக்கு ஆசை காட்டினால் மட்டும் வாசிப்பு வந்துவிடாது. ஆனால் சரளம் வர வேண்டுமானால் நிறைய வாசிக்க வேண்டுமே, அந்தப் பிள்ளையை உட்கார வைப்பது எது? தடுமாறுகிற பிள்ளை வாசிப்பதைத் தவிர்க்கிறது. தவிர்ப்பதால் இன்னும் பின்தங்குகிறது. வாசிப்பில் நடக்கும் இந்தச் சுழலை 'மத்தேயு விளைவு' என்று 1986-இல் விளக்கி எழுதினார் உளவியல் ஆய்வாளர் கீத் ஸ்டானோவிச். அமெரிக்காவின் மேரிலாந்தில் ஜான் கத்ரி என்ற ஆய்வாளரின் குழுவினர், பிள்ளைகளே புத்தகம் தேர்ந்தெடுக்கவும் சேர்ந்து வாசித்துப் பேசவும் விட்டார்கள். வழக்கமான வகுப்புகளைவிட அங்கே புரிந்து வாசிக்கும் திறன் கூடியது.

நம் வகுப்பில்? ஒரு பிள்ளை எழுந்து வாசிக்கும், மற்றவர்கள் கப்சிப். அந்த அமைதியைக் கவனம் என்று நினைத்துக்கொள்கிறோம். தன் முறை எப்போது வருமோ என்ற பயம் அது.

2023-இல் அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் புத்தகங்களை வாசிப்பு நிலைக்கு ஏற்ப நுழை, நட, ஓடு, பற என்று பிரித்திருந்தார்கள். அந்தப் பெயர்களைப் பார்த்ததுமே எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் என் மகள் படிக்கும் பள்ளியில் புத்தக பீரோ எப்போதும் பூட்டியே இருக்கிறது. "கிழிச்சிடுவாங்க" என்கிறார்கள். கிழியட்டுமே! ஒட்டிக்கொள்ளலாம்.

போன பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி நான் பேசவில்லை, பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் கேட்டேன். பார்க்கிறோம் என்றார்கள். அடுத்த கூட்டம் வருகிற சனிக்கிழமை. மறுபடியும் கேட்பேன். உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் கேளுங்கள்.