வீட்டுக்கு வரச் சொன்னால் பிப் கிடைக்காதா?

"பிப் மதிப்பீட்டுக்கு வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. பிரிட்டனின் மாற்றுத்திறனாளி உதவித்தொகையான பிப் (PIP) பற்றிய இந்தத் தகவல் தவறு.

மதிப்பீடு செய்பவரை வீட்டுக்கு வரச் சொல்லித் தாராளமாகக் கேட்கலாம். சந்திப்புக் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு, அந்தத் தேதிக்கு முன்பே போன் செய்து காரணத்தைச் சொல்லுங்கள். 'உடம்பு முடியவில்லை' என்றால் போதாது. படி இறங்க முடியாது, டாக்ஸியில் பத்து நிமிடம் உட்கார முடியாது என்று விவரமாகச் சொல்ல வேண்டும். மருத்துவரின் கடிதம் கேட்கக்கூடும். கேட்ட எல்லோருக்கும் வீட்டில் மதிப்பீடு கிடைத்துவிடாது, சரி. தொலைபேசியிலோ வீடியோவிலோ நடத்தவும் வாய்ப்புண்டு.

தக்க காரணமின்றி மதிப்பீட்டைத் தவறவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். பிரிட்டன் அரசின் இணையதளத்திலும் இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் தளத்திலும் சரிபார்க்கலாம். ஸ்காட்லாந்தில் பிப்புக்குப் பதிலாகத் தனித் திட்டம் உண்டு. அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.