உண்மை விளக்கம்: சோதினை பாஸானால் அடுத்த மாதமே தூதுவரா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "வெளிநாட்டுச் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்தால் அடுத்த மாதமே தூதுவராக வெளிநாடு போகலாம். விரும்பிய நாட்டை எடுக்கலாம். பதிவுக்குப் பணம் அனுப்புங்கள்."

இது பொய்.

தூதரகங்களிலும் வெளிநாட்டு அமைச்சிலும் வேலை செய்யும் அரச அதிகாரிகளின் சேவையான இலங்கை வெளிநாட்டுச் சேவைக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரி, போட்டிப் பரீட்சையும் நேர்முகமும் வைத்தே ஆள் எடுக்கிறார்கள். பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். பரீட்சைக் கட்டணம் அரசுக்குப் போவது. யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்கு அல்ல.

தெரிவானவர் முதலில் போவது கொழும்புக்குத்தான். பண்டாரநாயக்க சர்வதேச இராஜதந்திரப் பயிற்சி நிறுவகத்தில் படிப்பு, பிறகு கோட்டையில் வெளிநாட்டு அமைச்சு இருக்கும் குடியரசுக் கட்டடத்தில் உதவிப் பணிப்பாளராக மேசை வேலை: தூதரகங்களுக்குக் கடிதம் வரைவது, அமைச்சர் சந்திப்புக்குக் குறிப்புத் தயாரிப்பது, கோப்பு நகர்த்துவது. ஊரில் "இன்னும் பிளேன் ஏறல்லையா?" என்று கேட்டே ஆளைக் களைக்க வைத்துவிடுவார்கள். முதல் வெளிநாட்டு நியமனம் தூதுவருக்குக் கீழே, செயலாளர் தரத்தில்தான் கிடைக்கும். எந்த நாடு என்பதை அமைச்சே தீர்மானிக்கும்.

தூதுவர் கதை வேறு. அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. இராஜதந்திர உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கைப்படி, ஏற்கும் நாட்டின் சம்மதமும் முன்கூட்டியே வேண்டும்.

இன்னொரு குழப்பம்: வளைகுடாவுக்கு வேலைக்குப் போவோர் பதியும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வேறு, இந்தச் சேவை வேறு. செய்தியில் "பதிவு" என்று எழுதியவர் இரண்டையும் போட்டுக் கலக்கியிருக்கிறார் போலிருக்கிறது.