பாலத்தில் நடந்து வந்த பணிப்பெண்

இம்ப்ரஷனிசம் என்ற ஓவியப் பாணியைச் சொன்னதும் நம்மில் பலருக்கு மோனேயின் அல்லிக் குளம்தான் நினைவுக்கு வரும். எனக்கு ஆம்ஸ்டர்டாம் தெருச் சேறு. டச்சு ஓவியர் ஜார்ஜ் ஹென்ட்ரிக் பிரைட்னர் (1857–1923) வரைந்த சேறு.

ஹேக் நகரத்தில் இருந்த காலத்தில் அவரும் வான்காவும் ஏழைகள் வாழும் பகுதிகளுக்குச் சேர்ந்து போய் வரைந்திருக்கிறார்கள். மக்களின் ஓவியனாக இருக்கவேண்டும் என்று இளம் வயதிலேயே கடிதத்தில் எழுதியவர் பிரைட்னர். 1886-இல் ஆம்ஸ்டர்டாம் வந்தார். ஊர் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. சதுப்பு மண், மரத்தூண்களை அடித்து இறக்கினால்தான் கட்டடம் நிற்கும். அந்த வேலை நடக்கும் இடங்களையும், வண்டிக் குதிரைகளையும், பனியில் உறைந்து கிடக்கும் படகுகளையும் வரைந்தார். அவர் படங்களில் வெயில் அபூர்வம். வானம் மூடி மழை தூறும் நாளை 'பிரைட்னர் வானிலை' என்று டச்சுக்காரர்கள் சொல்வதுண்டு. சோகமான படங்கள் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மழை நின்ற தெருவில் விளக்கு வெளிச்சம் கலங்கிக் கிடப்பதை இவ்வளவு அன்போடு பார்த்த கண் சோகமானதா என்ன?

சரி, என் மனதை அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சிங்கெல் கால்வாய்ப் பாலத்தை அவர் வரைந்த படம் இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சீமாட்டி, தொப்பியும் ரோம உடையுமாக நேரே நம்மை நோக்கி நடந்து வருகிறாள். இடுப்புக்குக் கீழே சட்டகம் வெட்டிவிடுகிறது. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் நம்மேல் மோதிவிடுவாள். அப்படியொரு படம்.

ஆனால் முதலில் அந்த இடத்தில் இருந்தவள் ஒரு பணிப்பெண். படம் விற்கவேண்டுமே என்று ஓவிய வியாபாரி சொன்ன யோசனையில், அவள்மேலேயே சீமாட்டியைத் தீட்டிவிட்டார் பிரைட்னர். பிழைப்பு என்று ஒன்று இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வண்ணத்துக்கு அடியில் இருப்பவளைத்தான் தேடுகிறேன். மளிகை வாங்கப் போனாளோ, எசமானி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாளோ. அவள் வந்திருந்தால் இது இன்னும் பெரிய படமாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம், பிரைட்னர் கேமராவோடும் தெருத்தெருவாக அலைந்தவர். அந்த நெகட்டிவ்கள் வெளிச்சத்துக்கு வந்தது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான். அவற்றில் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு, தெருவில் நடந்தபடியே.